முகம் வலிக்கிறதா? மூக்கைக் கவனியுங்கள்

சிலருக்கு ஆண்டில் சில மாதங்கள் மட்டும் முகம் வலிக்கும். கன்னம் கனக்கும். நெற்றி பாரமாக இருக்கும். இரண்டு கண்களுக்கும் நடுவே யாரோ விரலால் அழுத்துவது போல் இருக்கும். குனிந்தால் வலி கூடும். மேல்வரிசைப் பல்லும் வலிக்கும். கூடவே அடுக்குத் தும்மல் வரும். மூக்கில் தண்ணீராக ஒழுகும். கண் அரிக்கும்.

இதை ஆளுக்கொரு பெயர் சொல்லி அழைக்கிறார்கள். 'தலையில் நீர் கோத்துக்கொண்டது' என்பார் ஒருவர். 'பீனிசம்' என்பார் ஒருவர். 'எனக்குச் சைனஸ்' என்பார் இன்னொருவர்.

வலி இருப்பது முகத்தில். ஆனால் பல நேரங்களில் அது தொடங்கும் இடம் மூக்கு. இது தெரியாததால் பலர் வலிக்கு மட்டும் மாத்திரை போடுகிறார்கள். மாத்திரையின் வேகம் குறைந்ததும் வலி திரும்பி வருகிறது. மறுபடி மாத்திரை. மறுபடி வலி. காசும் போகிறது. கூலியும் போகிறது.

இந்த வலி ஏன் வருகிறது? எப்படிக் குறைப்பது? எப்போது பயப்பட வேண்டும்? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

முகத்துக்குள் இருக்கும் அறைகள்

நம் முக எலும்புகளுக்குள் சிறு சிறு அறைகள் இருக்கின்றன. அவற்றில் காற்று நிறைந்திருக்கும். இந்த அறைகளுக்குத்தான் சைனஸ் என்று பெயர். சைனஸ் என்பது நோயின் பெயர் அல்ல. எல்லோருக்கும் இருக்கும் உறுப்பின் பெயர்.

மொத்தம் 4 ஜோடி அறைகள் உண்டு. ஒரு ஜோடி நெற்றியில். ஒரு ஜோடி கன்னங்களில். ஒரு ஜோடி இரு கண்களுக்கும் நடுவில். ஒரு ஜோடி மூக்குக்குப் பின்னால், ஆழத்தில்.

இந்த அறைகளின் உட்சுவரில் சளி ஊறிக்கொண்டே இருக்கும். இது கெட்ட சளி அல்ல. மூச்சுக் காற்றில் வரும் தூசியைப் பிடித்து வைக்கும் நல்ல சளி. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முடிகள் அந்தச் சளியை வாசலை நோக்கித் தள்ளும். எல்லா அறைகளின் வாசலும் மூக்குக்குள்தான் திறக்கிறது. அந்த வாசல் மிகவும் குறுகலானது.

மூக்கின் உட்புறம் வீங்கினால் என்ன ஆகும்? வாசல் அடைத்துக்கொள்ளும். சளி வெளியே வர முடியாமல் தேங்கும். காற்றும் போய்வர முடியாது. சாக்கடை வாய் அடைத்தால் தெருவில் தண்ணீர் தேங்குகிறது அல்லவா? அதே போலத்தான். தேங்கிய இடத்தில் அழுத்தம் ஏற்படும். அழுத்தம் வலியாகும்.

கன்னத்து அறையின் அடித்தளத்துக்கு மிக அருகில் மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் இருக்கின்றன. அதனால் அறை அடைத்தால் பல் வலிப்பது போலத் தோன்றும். பல்லில் ஒரு குறையும் இருக்காது.

மூக்கு ஏன் வீங்குகிறது?

நம் உடலில் ஒரு காவல் படை இருக்கிறது. நோய்க் கிருமி உள்ளே வந்தால் அது எதிர்த்துப் போராடும். சிலருடைய உடலில் இந்தக் காவல் படை ஆளை மாற்றி அடையாளம் கண்டுவிடும். விருந்தாளியைத் திருடன் என்று நினைத்து ஊரையே கூட்டும் காவல்காரனைப் போல.

பூவின் மகரந்தத் தூள் கிருமி அல்ல. அதனால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சிலருடைய உடல் அதை எதிரியாக நினைக்கும். உடனே ஹிஸ்டமின் முதலான பொருள்களை வெளிவிடும். அதனால் மூக்கு அரிக்கும். தும்மல் வரும். தண்ணீர் ஒழுகும். மூக்கின் உட்புறம் வீங்கும். இதற்குத்தான் ஒவ்வாமை (அலர்ஜி) என்று பெயர்.

ஒவ்வாமை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஆனால் தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம்.

எந்தப் பருவம்? எந்தச் செடி?

எல்லா ஊரிலும் ஒரே மாதத்தில் இந்தத் தொல்லை வருவதில்லை. எந்தச் செடி, எந்த மரம், எப்போது பூக்கிறதோ அப்போது வரும். டில்லியில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் காற்றில் மகரந்தம் கூடும். மறுபடி செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கூடும். தென்னிந்தியாவில் மழைக்குப் பின் புல்லும் களையும் பூக்கும்போது தொல்லை கூடும்.

பெங்களூரை எடுத்துக்கொள்வோம். இது கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள நகரம். குளிர்ச்சியான ஊர். மரங்கள் நிறைந்த ஊர். ஆனால் தும்மலுக்கும் பேர் போன ஊர். அங்கே தும்மலுக்கு ஒரு முக்கியக் காரணம் பார்த்தீனியம் என்ற களைச்செடி. 'காங்கிரஸ் செடி' என்றும் அதைச் சொல்வார்கள்.

இந்தச் செடி நம் நாட்டுச் செடி அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 1950களின் நடுவில் புனே நகரில் இது பரவுவதைக் கண்டார்கள். இன்று நாடு முழுவதும் இருக்கிறது. இலை கேரட் இலையைப் போல இருக்கும். பூ வெள்ளையாக, பொடிப் பொடியாக இருக்கும். ஒரு செடி 10,000க்கும் மேற்பட்ட விதைகளைக் கொடுக்கும். ஈரம் இருந்தால் எந்த மாதத்திலும் முளைக்கும். மழைக்காலத்தில் காலி மனை, ரயில் பாதை ஓரம், சாலை ஓரம் எல்லாம் மண்டிக் கிடக்கும்.

இதன் மகரந்தம் மூக்கில் பட்டால் சிலருக்குத் தும்மலும் மூக்கடைப்பும் வரும். செடி தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் புண்ணும் வரும். சாமந்தி இந்தச் செடியின் உறவுக்காரப் பூ. அதனால் பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாத சிலருக்குச் சாமந்தியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பூக்கட்டும் தொழில் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு சித்தாளின் நோட்டுப் புத்தகம்

பெங்களூரில் கட்டட வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து பலர் போகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள் அவர்களில் உண்டு. அப்படிப் போன ஒரு பெண்ணின் கதை இது. அவர் சித்தாள் வேலை பார்த்தார். வேலை நடக்கும் இடத்திலேயே தகர ஷெட்டில் குடும்பத்தோடு இருந்தார். ஊரில் இருந்தபோது மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர்.

மழைக்காலம் வந்தால் அவருக்கு முகம் வலிக்கும். ஒரு மாதத்தில் 6 நாள் வேலைக்குப் போக முடியவில்லை. 6 நாள் கூலி போயிற்று. மருந்துக் கடையில் நாலு மாத்திரையைக் கலந்து காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். போட்டால் அன்றைக்கு வலி நிற்கும். மறுநாள் வரும்.

ஒரு நாள் அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். அங்கே இருந்த நர்ஸ் தமிழ் தெரிந்தவர்.

"எத்தனை நாளாக வலிக்கிறது அம்மா?"

"மழை பிடித்ததிலிருந்து நர்ஸம்மா. போன வருஷமும் இப்படித்தான். பல் வலி என்று நினைத்துப் பல்லைப் பிடுங்கினேன். பல் போச்சு. வலி போகலை."

"தும்மல் வருமா?"

"காலையிலே பத்து, பதினைந்து தும்மல். அப்புறம்தான் வேலையே."

"தினமும் வருமா? சில நாள் மட்டும் வருமா?"

"அது நினைவில்லை நர்ஸம்மா. வலிக்கிறபோது வலிக்கிறது."

"எழுதத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்படியானால் இரண்டு வாரம் எழுதிக்கொண்டு வாருங்கள். தேதி போடுங்கள். அன்றைக்கு எங்கே வேலை, என்ன வேலை, தும்மல் உண்டா, வலி உண்டா. இவ்வளவு போதும். மாத்திரைக் கடைக்குப் போக வேண்டாம். வலி பொறுக்காவிட்டால் இந்தப் பாராசிட்டமால் மட்டும் போடுங்கள்."

அந்தப் பெண் மகனுடைய பழைய நோட்டில் எழுதத் தொடங்கினார். இப்படி எழுதினார்:

ஆகஸ்ட் 4. புது சைட். செடி வெட்டினோம். தும்மல் நிறைய. சாயந்திரம் கன்னம் வலி.

ஆகஸ்ட் 5. அதே சைட். செடி வெட்டு. கண் அரிப்பு. ராத்திரி தூக்கம் இல்லை.

ஆகஸ்ட் 6. வலி. வேலைக்குப் போகலை.

ஆகஸ்ட் 7. நல்ல மழை. ஷெட்டில் இருந்தேன். தும்மல் கொஞ்சம்.

ஆகஸ்ட் 9. மூன்றாம் மாடி. செங்கல் தூக்கினேன். வலி இல்லை.

ஆகஸ்ட் 11. மறுபடி புது சைட். தும்மல். வலி.

காலி மனையைப் பெங்களூரில் 'சைட்' என்பார்கள். இரண்டு வாரம் கழித்து டாக்டர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். புது சைட்டில் செடி வெட்டிய நாளெல்லாம் வலி. செடி இல்லாத இடத்தில் வலி இல்லை. டாக்டர் அவருடைய மூக்கை விளக்கடித்துப் பார்த்தார். பல்லைத் தட்டிப் பார்த்தார். நெற்றியை அழுத்திப் பார்த்தார். "இது மூக்கு ஒவ்வாமை. அந்தச் செடிதான் காரணமாக இருக்க வேண்டும்" என்றார்.

மூக்கில் அடிக்கும் ஸ்பிரே மருந்து எழுதிக் கொடுத்தார். தும்மலுக்கு ஒரு மாத்திரையும் எழுதினார். "சாரத்தில் ஏறுவீர்களா?" என்று கேட்டார். "ஏறுவேன் ஐயா" என்றார் அந்தப் பெண். "அப்படியானால் மாத்திரையை இரவில் மட்டும் போடுங்கள். இது தூக்கம் தரும். காலையில் தலை கிறுகிறுத்தால் அன்றைக்குச் சாரத்தில் ஏறாதீர்கள்" என்றார்.

மேஸ்திரியிடமும் பேச வேண்டியிருந்தது. செடி வெட்டுவது சித்தாள் வேலை என்று அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"அண்ணே, இந்த நோட்டைப் பாருங்க. செடி வெட்டினா மறுநாள் நான் லீவு. எனக்குக் கூலி போச்சு. உங்களுக்கு ஆள் போச்சு. வேற எந்த வேலை கொடுத்தாலும் செய்யறேன்."

மேஸ்திரி நோட்டைப் புரட்டிப் பார்த்தார். வராத நாள் எல்லாம் அதில் இருந்தது. "சரி, நீ கலவைப் பக்கம் போ" என்றார்.

அடுத்த மாதம் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் கூலிதான் போயிற்று. தும்மல் முழுவதும் நிற்கவில்லை. ஆனால் வலி அடங்கியது. பிடுங்கிய பல் மட்டும் திரும்பி வரவில்லை.

ஒவ்வாமையா? வேறு நோயா?

முகவலி எல்லாம் ஒவ்வாமையால் வருவதில்லை. கீழே உள்ளதைப் படியுங்கள்.

ஒவ்வாமை: மூக்கு, கண் அரிக்கும். தும்மல் அடுக்கடுக்காக வரும். மூக்கில் தெளிந்த தண்ணீர் ஒழுகும். காய்ச்சல் இருக்காது.

சாதாரணச் சளி: தொண்டை கரகரக்கும். உடம்பு வலிக்கும். லேசான காய்ச்சல் வரலாம். பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் சரியாகும்.

சைனஸ் அறையில் கிருமித் தொற்று: கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சளி, முகவலி. 10 நாள் ஆகியும் குறையாது. அல்லது குறைந்தது போலிருந்து மறுபடி அதிகமாகும்.

பல் சொத்தை: ஒரு பல்லில் மட்டும் வலி. சூடு, குளிர்ச்சி பட்டால் கூசும். கடித்தால் வலிக்கும்.

ஒற்றைத் தலைவலி: விண் விண் என்று தெறிக்கும். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. குமட்டும். பலர் இதையும் 'சைனஸ்' என்றே நினைக்கிறார்கள்.

நரம்பு வலி: கரண்டு அடித்தது போலச் சுருக்கென்று வரும். சில நொடியில் போகும். முகம் கழுவினால், மென்றால் கூட வரும்.

எது என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்வது நம் வேலை.

மூக்கைக் கழுவும் முறை

மூக்கை உப்புத் தண்ணீரால் கழுவினால் மகரந்தமும் தேங்கிய சளியும் வெளியே வரும். இது நம் நாட்டில் பழைய முறை. யோகாவில் இதை ஜலநேத்தி என்பார்கள். செலவு குறைவு. ஆனால் சுத்தமாகச் செய்ய வேண்டும்.

1. தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். தளதளவென்று கொதித்த பின்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் அடுப்பில் இருக்கட்டும். பிறகு மூடி வைத்து ஆற விடுங்கள்.

2. ஆறிய தண்ணீர் 250 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அரை டீஸ்பூன் பொடி உப்பு போட்டுக் கரையுங்கள்.

3. ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்ச் மருந்துக் கடையில் கிடைக்கும். புதிதாக வாங்குங்கள். ஒருவருக்கு ஒன்று.

4. முன்பக்கம் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து வாயால் மூச்சு விடுங்கள்.

5. மேலே உள்ள மூக்குத் துளையில் மெதுவாகத் தண்ணீரை விடுங்கள். கீழே உள்ள துளை வழியாக வெளியே வரும். விழுங்க வேண்டாம்.

6. மறுபக்கமும் செய்யுங்கள். பிறகு மெதுவாக மூக்கைச் சிந்துங்கள். பலமாகச் சிந்தினால் காது வலிக்கும்.

7. மீந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சிரிஞ்சைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவி உலர வையுங்கள்.

குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், குளத்துத் தண்ணீர் எதையும் கொதிக்க வைக்காமல் மூக்கில் விடக் கூடாது. தண்ணீரில் உள்ள ஒரு வகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய்விடும். இது அரிதாகத்தான் நடக்கும். ஆனால் உயிரைக் குடிக்கும். கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சலால் பலர் பாதிக்கப்பட்டார்கள். சிலர் இறந்தும் போனார்கள். அதனால் தண்ணீரைக் கொதிக்க வைப்பதில் சோம்பல் வேண்டாம்.

காது வலி உள்ளவர்கள் மூக்கு கழுவ வேண்டாம். சிறு குழந்தைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

வீட்டில் செய்யக் கூடியவை

வெளி வேலை முடிந்து வந்ததும் முகம், கை, கால் கழுவுங்கள். முடிந்தால் தலைக்கும் குளியுங்கள். முடியில் ஒட்டிய மகரந்தம் தலையணைக்குப் போகும். இரவு முழுவதும் மூக்கில் ஏறும்.

வேலை உடுப்போடு படுக்காதீர்கள்.

செடி பூத்திருக்கும் இடத்தில் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். அந்தத் துணியைத் தினமும் துவையுங்கள்.

வீட்டை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும். ஈரத் துணியால் துடைப்பது நல்லது.

வலிக்கும் கன்னத்தில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வைக்கலாம். இதமாக இருக்கும். சூடு தாங்குமா என்று முதலில் புறங்கையில் வைத்துப் பாருங்கள்.

ஆவி பிடித்தால் கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும். ஆனால் கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்து போனவர்கள் உண்டு. குழந்தைகளுக்கு ஆவி பிடிக்க வேண்டாம்.

மஞ்சளைச் சுட்டு அந்தப் புகையை மூக்கில் இழுக்காதீர்கள். புகை, வீங்கிய மூக்கை மேலும் எரிய வைக்கும். பீடி, சிகரெட், ஊதுவத்திப் புகையும் அப்படித்தான்.

மருந்தைப் பற்றித் தெரிந்துகொள்வோம்

ஒவ்வாமை மாத்திரை: செட்டிரிசின் போன்றவை தும்மலையும் அரிப்பையும் குறைக்கும். மூக்கடைப்பை அவ்வளவாகக் குறைக்காது. தூக்கம் வரும். வண்டி ஓட்டுபவர்கள், உயரத்தில் வேலை செய்பவர்கள், இயந்திரத்தில் வேலை செய்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இதோடு மது அருந்தக் கூடாது.

மூக்கு ஸ்பிரே: இது மூக்கின் வீக்கத்தைக் குறைக்கும். அதனால் அறையின் வாசல் திறக்கும். முகவலி அடங்கும். டாக்டர் எழுதிக் கொடுத்தபடி தினமும் அடிக்க வேண்டும். முழுப் பலன் தெரியச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். இரண்டு நாள் அடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. அடிக்கும்போது தலையைச் சற்றுக் குனியுங்கள். ஸ்பிரேயின் முனை மூக்கின் நடுச்சுவரைப் பார்க்கக் கூடாது. அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் மூக்கில் ரத்தம் கசியலாம்.

அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்து: போட்ட சில நிமிடத்தில் மூக்கு திறக்கும். அதனால் பலர் விடாமல் போடுகிறார்கள். 3 முதல் 5 நாளுக்கு மேல் போடக் கூடாது. போட்டால் பழகிப்போய், மருந்து இல்லாதபோது மூக்கு முன்னைவிட அதிகமாக அடைக்கும்.

வலி மாத்திரை: பாராசிட்டமால் போடலாம். பெரியவர்கள் 500 மில்லிகிராம் மாத்திரையை ஒரு நாளில் 8க்கு மேல் எக்காரணம் கொண்டும் போடக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்களும் மதுப் பழக்கம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டு, இதைவிடக் குறைவாகத்தான் போட வேண்டும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறும். அட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. சிலருக்கு மூச்சுத் திணறல் வந்துவிடும்.

ஆன்டிபயாடிக்: இது பாக்டீரியா என்ற கிருமியைக் கொல்லும் மருந்து. ஒவ்வாமையில் கிருமி இல்லை. அதனால் பயனும் இல்லை.

காகிதத்தில் மடித்துத் தரும் மாத்திரை: பெயர் இல்லாத மாத்திரையை வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு மாத்திரை இருக்கலாம். வலி சட்டென்று நிற்கும். நாள்பட்டால் சர்க்கரை ஏறும். எலும்பு பலம் இழக்கும்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எந்த மருந்தையும் டாக்டரைக் கேட்டே எடுக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசமாகக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். வெளியே வாங்குவதானால் ஜன் ஔஷதி மக்கள் மருந்தகத்தில் விலை குறைவாக இருக்கும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம்

கண்ணைச் சுற்றி வீக்கம், சிவப்பு. பார்வை மங்குதல். ஒன்று இரண்டாகத் தெரிதல்.

நெற்றியில் வீக்கம்.

கடுமையான காய்ச்சலுடன் முகவலி.

கழுத்தை மடக்க முடியாமல் போதல். பேச்சுக் குழறல். நினைவு தடுமாறுதல்.

மூச்சு இழுத்தல், நெஞ்சில் விசில் சத்தம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு முகவலி வந்து, மூக்கிலிருந்து கறுப்பாக வடிதல், கன்னம் மரத்துப்போதல். இது கரும்பூஞ்சை நோயாக இருக்கலாம். 2021ல் கொரோனா வந்து போன பலரை, முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகளை, இந்த நோய் தாக்கியது. பலர் கண்ணை இழந்தார்கள். பலர் உயிரையே இழந்தார்கள். இதில் ஒரு நாள் கூடக் காத்திருக்கக் கூடாது.

செடியை என்ன செய்வது?

ஒருவர் மட்டும் மருந்து போட்டுக்கொண்டால் போதாது. தெருவில் உள்ள செடியும் போக வேண்டும்.

பூ வருவதற்கு முன்பே பார்த்தீனியத்தைப் பிடுங்க வேண்டும். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு வரும். வெறுங்கையால் பிடுங்கக் கூடாது. கையுறை போடுங்கள். கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை போடுங்கள். மூக்கை மூடிக்கொள்ளுங்கள். ஏற்கனவே தும்மலோ தோல் அரிப்போ உள்ளவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

பயிர் செய்யாத இடத்தில் உப்புக் கரைசல் தெளிக்கலாம். 1 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பு. பயிர் நிலத்தில் தெளித்தால் மண் கெடும். பார்த்தீனியம் வளரும் இடத்தில் தகரைச் செடியை வளர்த்தால் அது பார்த்தீனியத்தை அமுக்கிவிடும். இந்தச் செடியின் இலையைத் தின்னும் ஒரு வண்டும் உண்டு. அது மெக்சிகோ நாட்டு வண்டு. 1984ல் பெங்களூரில்தான் அதை முதலில் விட்டார்கள்.

ஆகஸ்ட் மாதத்தில் பார்த்தீனியம் விழிப்புணர்வு வாரம் நடக்கும். ஊராட்சி, நகராட்சி, பள்ளிக்கூடம், சுய உதவிக் குழு எல்லாரும் சேர்ந்து அந்த வாரத்தில் தெருவைச் சுத்தம் செய்யலாம்.

நினைவில் வையுங்கள்

பருவத்தில் வரும் முகவலிக்குப் பல நேரம் மூக்கே காரணம்.

காரணம் தெரியாமல் பல்லைப் பிடுங்காதீர்கள்.

கொதித்து ஆறிய தண்ணீரால் மட்டும் மூக்கைக் கழுவுங்கள்.

பெயர் தெரியாத மாத்திரையைப் போடாதீர்கள்.

கண் வீங்கினால் காத்திருக்காதீர்கள்.

பதில் சொல்லுங்கள்

1. சைனஸ் என்பது நோயா, உறுப்பா?

2. மூக்கு அடைத்தால் மேல் பல் ஏன் வலிக்கிறது?

3. சாரத்தில் ஏறுபவர் ஒவ்வாமை மாத்திரை போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

4. சொட்டு மருந்தை எத்தனை நாள் போடலாம்?

5. உங்கள் தெருவில் பார்த்தீனியம் எங்கெங்கே இருக்கிறது? அதைப் பற்றி ஊராட்சித் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

எழுதிப் பழகுங்கள்

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இந்தத் தொல்லை இருந்தால் ஒரு நோட்டில் 14 நாள் எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் ஐந்து விவரம் போதும்.

தேதி:
எங்கே இருந்தேன்:
என்ன வேலை செய்தேன்:
தும்மல், மூக்கடைப்பு: இல்லை / கொஞ்சம் / நிறைய
முகவலி: இல்லை / கொஞ்சம் / நிறைய

டாக்டரிடம் போகும்போது இந்த நோட்டையும், சாப்பிட்ட மருந்தின் அட்டையையும் கையில் கொண்டு போங்கள்.